கடைசியாக வந்த தாள் யாருடையது?

(திருப்பூரில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிட்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன், பவர் டேபிள் என்று ஜாப் ஒர்க் எடுப்பவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அட்டைப்பெட்டி, பாலிபேக் சப்ளை செய்பவர்களும் வந்திருக்கிறீர்கள். பணம் வராமல் போய் வழக்கறிஞரைத் தேடி வருகிறபோது உங்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, “எங்களுக்குள்ள அக்ரிமெண்ட் எதுவும் இல்லைங்க” என்பதுதான். முத்திரைத் தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, சாட்சியும் வைத்தால்தான் ஒப்பந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நினைத்து, நியாயமாக வரவேண்டிய தொகையைக் கேட்காமலே விட்டவர்கள் இந்த ஊரில் உண்டு. நாம் எதற்கும் கட்டுப்படவில்லை என்று நம்பியிருந்து, பிறகு டெபிட் நோட்டுக்குக் கட்டுப்பட்டவர்களும் உண்டு. உங்கள் ஒப்பந்தம் எந்த நிமிடத்தில் பிறக்கிறது, யாருடைய நிபந்தனையோடு பிறக்கிறது என்பதைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 2-ஆம் பிரிவு சொல்வது மிக எளிமையானது. ஒன்றைச் செய்யவோ செய்யாமலிருக்கவோ தான் தயார் என்று, எதிராளியின் சம்மதத்தைப் பெறும் எண்ணத்தோடு ஒருவர் தெரிவித்தால் அது முன்மொழிவு. எதிராளி சம்மதம் தெரிவித்துவிட்டால் அது ஏற்பு. இரண்டும் பொருந்தி, கொடுப்பதற்கு ஈடாகக் கிடைக்கும் மறுபயன் இருந்து, இருவரும் தகுதியுள்ளவர்களாகவும் காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அது ஒப்பந்தம். நிலம் வாங்கி விற்பது போன்ற சிலவற்றுக்குத்தான் எழுத்தும் பதிவும் கட்டாயம். உங்கள் 12,000 பனியனுக்கு அவை தேவையில்லை. போனில் ஒருவர் ரேட் சொல்லி இன்னொருவர் “சரிங்க” என்றால் போதும். நிரூபிப்பது கடினமாக இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் பிறந்துவிட்டது.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் 7-ஆம் பிரிவு. ஏற்பு என்பது முழுமையாக, நிபந்தனை எதுவும் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்கிறது அது. இதை ஒரு பிரிண்டிங் யூனிட்டை வைத்துப் பார்ப்போம். இதில் வருபவர் யாரும் குறிப்பிட்ட ஒருவர் அல்ல. ஆனால் இது ஒவ்வொரு வாரமும் நம் ஊரில் நடக்கிறது.

திங்கட்கிழமை காலை பிரிண்டிங் யூனிட்காரர் வாட்ஸ்அப்பில் ரேட் அனுப்புகிறார். மூன்று கலர், 12,000 பீஸ், பீஸுக்கு 6 ரூபாய், பத்து நாளில் டெலிவரி, பில் போட்டு 30 நாளில் பணம். இது முன்மொழிவு. மதியம் கம்பெனியின் மெர்ச்சண்டைசர், “ஓகேண்ணா, 5.50 போட்டு பி.ஓ. அனுப்பறேன், வேலையை ஆரம்பிச்சிருங்க” என்று பதில் போடுகிறார். அந்த ‘ஓகே’யைப் படித்ததும் ஆர்டர் உறுதி என்று மனசு சொல்லும். சட்டத்தின் கண்ணில் அது ஏற்பே இல்லை. விலையை மாற்றியதால் அது எதிர் முன்மொழிவு. யூனிட்காரர் அனுப்பிய 6 ரூபாய் அந்த நிமிடத்தோடு செத்துவிட்டது. 1840-லேயே இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரென்ச் வழக்கு இதைச் சொல்லிவிட்டது. ஒரு பண்ணையை 1,000 பவுனுக்குத் தருகிறேன் என்றவரிடம் 950 என்று பேரம் பேசியவர், பேரம் படியாதபோது “சரி, 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்” என்று திரும்பி வந்தார். நீங்களே அதைத் தள்ளிவிட்டீர்கள், ஏற்க இப்போது எதுவும் மிச்சமில்லை என்றது நீதிமன்றம்.

நம் பிரிண்டிங் யூனிட்டுக்கு வருவோம். மாலையில் பி.ஓ., அதாவது பர்ச்சேஸ் ஆர்டர், பிடிஎஃப் ஆக வருகிறது. முதல் பக்கத்தில் 5.50. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் பதினெட்டு நிபந்தனைகள். 60 நாள் கிரெடிட். தாமதமானால் வாரத்துக்கு 5 சதவீதப் பிடித்தம். ரிஜெக்ஷன் ஆனால் பிரிண்ட் கூலி மட்டுமல்ல, முழு கார்மெண்ட் விலையும் டெபிட். யூனிட்காரர் முதல் பக்கத்தைப் பார்த்து வருத்தப்படுகிறார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. பதிலும் போடவில்லை. செவ்வாய்க்கிழமை டெம்போவில் கட்டிங் பண்டல்கள் வருகின்றன. டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டு இறக்கிக்கொள்கிறார். புதன்கிழமை ஸ்கிரீன் ஏற்றி முதல் நூறு பீஸ் அடிக்கிறார்.

ஒப்பந்தம் எப்போது பிறந்தது? திங்கட்கிழமை இல்லை. பி.ஓ. வந்தபோதும் இல்லை, ஏனென்றால் பேசாமல் இருப்பது சம்மதமாகாது. அது செவ்வாய் அல்லது புதனில் பிறந்தது. எதிராளி முன்மொழிந்த வேலையைச் செய்வதே ஏற்பு என்கிறது 8-ஆம் பிரிவு. அவர் யாருடைய முன்மொழிவை ஏற்றார்? மேசையில் உயிரோடு இருந்தது ஒன்றே ஒன்று. கம்பெனியின் பி.ஓ. அதன் 5.50 ரூபாயும் பதினெட்டு நிபந்தனைகளும் முதல் பீஸ் அடித்தபோது அவர்மேல் ஏறிவிட்டன. பீஸுக்கு ஐம்பது பைசா என்றால் 12,000 பீஸுக்கு 6,000 ரூபாய். அதை அவர் தாங்கிவிடுவார். கார்மெண்ட் விலைக்கு டெபிட் என்ற வரி அவருடைய மூன்று மாத உழைப்பைக் கொண்டுபோகும்.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். டெம்போ வாசலில் நிற்கும்போது, பண்டலை இறக்குவதற்கு முன், அவர் ஒரு செய்தி அனுப்புகிறார்: “சார், பி.ஓ. பார்த்தேன். ரேட் 6 ரூபாய், பேமெண்ட் 30 நாள், ரிஜெக்ஷனுக்கு பிரிண்ட் கூலி மட்டும் பிடித்தம். இதுக்கு சரின்னா இறக்கிக்கிறேன், இல்லைன்னா வண்டியைத் திருப்பி அனுப்பறேன்.” மறுபக்கம் “இறக்குங்கண்ணா, டெலிவரி லேட் ஆகக்கூடாது” என்று வந்தால், கடைசி முன்மொழிவு இவருடையது, ஏற்றது கம்பெனி. அதே பண்டல், அதே மெஷின். ஆனால் நிபந்தனைகள் மொத்தமும் மாறிவிட்டன. ஆர்டர் கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. எல்லா நேரமும் 6 ரூபாய் கிடைக்காது. 5.50-க்கே ஒத்துக்கொள்ளலாம், அது தொழில் முடிவு. ஆனால் ரிஜெக்ஷன் வரியை எழுத்தில் மறுக்காமல் மெஷினை ஓட விடாதீர்கள். விலையில் விட்டுக்கொடுப்பவர்கூட இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரிய தொழிற்சாலைகளும் இதில் இடறியிருக்கின்றன. இங்கிலாந்தில் பட்லர் மெஷின் டூல் என்ற நிறுவனம் 1969-ல் ஒரு இயந்திரத்துக்கு 75,535 பவுன் என்று கொட்டேஷன் கொடுத்தது. டெலிவரி நாளில் செலவு ஏறியிருந்தால் விலையும் ஏறும் என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். வாங்குபவர் தன் சொந்த ஆர்டர் படிவத்தில் ஆர்டர் போட்டார். விலை ஏறும் என்ற பேச்சே அதில் இல்லை. படிவத்தின் அடியில், “இந்த நிபந்தனைகளின்படி ஆர்டரை ஏற்கிறோம்” என்று கிழித்து அனுப்பும் துண்டு ஒன்று இருந்தது. விற்றவர் அதில் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். பின்னால் கூடுதலாக 2,892 பவுன் கேட்டபோது, 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தரவில்லை. அந்தத் துண்டில் போட்ட கையெழுத்துதான் காரணம். நம் ஊரில் “டூப்ளிகேட் பி.ஓ.வில் சைன் பண்ணி அனுப்புங்க” என்று கேட்கிறார்களே, அது இதே துண்டுதான்.

விலைப்பட்டியல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடை அலமாரியில் விலை ஒட்டி வைப்பதும், இன்ஸ்டாகிராமில் “டி-ஷர்ட் 180 ரூபாய்” என்று படம் போடுவதும் முன்மொழிவு அல்ல, முன்மொழிய வாருங்கள் என்ற அழைப்பு. வாடிக்கையாளர் ஆர்டர் போடுவதுதான் முன்மொழிவு. நீங்கள் ஏற்றால்தான் ஒப்பந்தம். பேரத்தில் வாய்விட்டுச் சொல்லும் குறைந்தபட்ச விலைக்கும் இதே கதிதான். மடிக்கேரியில் ஒரு பங்களாவை 6,000 ரூபாய்க்குக் கேட்டார் ஒருவர். “10,000-க்குக் குறைந்து ஏற்கமாட்டேன்” என்று உரிமையாளர் தந்தி கொடுத்தார். உடனே 10,000 தருகிறேன் என்று வந்தவர், ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 1951-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 10,000-க்குக் கீழே விற்கமாட்டேன் என்பது 10,000-க்கு விற்கிறேன் என்ற வாக்கு ஆகாது. “அஞ்சு ரூபாய்க்குக் கம்மியா கட்டுப்படியாகாதுங்க” என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு “அஞ்சு ரூபாய்க்கு ஒத்துக்கிட்டீங்களே” என்று யாராவது கேட்டால், இந்தத் தீர்ப்பை நினைவில் வையுங்கள்.

மௌனம் சம்மதம் என்ற பழமொழி கல்யாண வீட்டுக்குப் பொருந்தலாம். “மூன்று நாளில் பதில் வராவிட்டால் நீங்கள் ஏற்றதாக எடுத்துக்கொள்வோம்” என்று மெயிலில் எழுதி யாரும் உங்களைக் கட்டிப்போட முடியாது. தன் சகோதரர் மகனின் குதிரையை இப்படி எழுதி வாங்கிவிட்டதாக நினைத்தவரின் வழக்கு 1862-லேயே தோற்றது. ஆனால் மௌனத்துக்கும் சைகைக்கும் நடுவில் ஒரு கோடு உண்டு, அதை நாம் கவனிக்காமல் தினமும் தாண்டுகிறோம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் ஒரு தானியக் கம்பெனி, 2021-ல் ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பி, உறுதிசெய்யும்படி கேட்டது. அவர் கட்டை விரல் படத்தை மட்டும் அனுப்பினார். அதற்குப் பிறகு விலை ஏறியது. அவர் ஆளிவிதையைத் தரவில்லை. பார்த்தேன் என்று சொல்லத்தான் விரலைப் போட்டேன் என்றார். இதற்கு முன் அதே கம்பெனியின் ஒப்பந்தங்களுக்கு “ஓகே”, “நல்லாயிருக்கு” என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிட்டு ஒழுங்காக டெலிவரி கொடுத்தவர் அவர். அந்தப் பழக்கத்தை வைத்து, 2023-ல் நீதிமன்றம் அந்த விரலை ஏற்பு என்று முடிவுசெய்து 82,000 கனடிய டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு இல்லை இது. ஆனாலும் நம் சட்டத்தில் நிற்கக்கூடிய தர்க்கம்தான். மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. முக்கிய அம்சங்கள் எல்லாம் மெயிலில் ஒத்துப்போனபின், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்தாகவில்லை என்று தப்ப முடியாது என்பதை 2010-ல் டிரைமெக்ஸ் எதிர் வேதாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பி.ஓ. வந்ததும் பழக்கதோஷத்தில் விரலைத் தூக்காதீர்கள். “கிடைத்தது, படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று தமிழில் தட்டுங்கள்.

நூல் வாங்குபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மாதம் பிறந்தால் மில்கள் புது ரேட் அறிவிப்பது நம் ஊர் வழக்கம். 2022-ல் விலை ஏறிய வேகத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 27-ஆம் தேதி ஏஜெண்ட், “30-ஆம் நம்பர் கோம்டு இந்த ரேட்டுக்கு மாசக் கடைசி வரைக்கும் தர்றோம்” என்கிறார். அதை நம்பி நீங்கள் எக்ஸ்போர்ட்டருக்குத் துணி ரேட் கொடுத்துவிடுகிறீர்கள். 29-ஆம் தேதி “ரேட் வாபஸ்ங்க” என்று போன் வருகிறது. மாசக் கடைசி வரை என்று சொன்னாரே என்று நீங்கள் வாதாடினாலும் 5-ஆம் பிரிவு அவர் பக்கம். ஏற்பு தெரிவிக்கப்படும்வரை முன்மொழிவை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். காலக்கெடு வரை திறந்து வைக்கிறேன் என்ற வாக்குக்குத் தனியாக மறுபயன் இல்லாவிட்டால் அது கட்டுப்படுத்தாது. இதற்கு இரண்டு வழி. எக்ஸ்போர்ட்டருக்கு ரேட் கொடுக்கும் முன்பே மில்லுக்கு அளவு, எண், விலை, தேதி எழுதி ஏற்பை அனுப்பிவிடுவது. அது முடியாவிட்டால், ரேட்டைப் பிடித்து வைப்பதற்கென்றே ஒரு சிறு தொகை கொடுத்து ரசீது வாங்குவது. இதே சட்டம் உங்களுக்கும் உதவும். நீங்கள் கொடுத்த பத்து நாள் கொட்டேஷன் ஐந்தாம் நாளே கையைக் கடிக்கும் என்று தெரிந்தால், மறுபக்கம் ஏற்பு அனுப்பும் முன் “வாபஸ்” என்று எழுதி அவர் கைக்குப் போய்ச் சேரச் செய்யுங்கள். அவருக்குத் தெரியவந்தால்தான் வாபஸ் முழுமையாகும்.

அடுத்தது, வழக்கு எந்த ஊரில் என்பது. வட இந்திய வியாபாரிகளுக்கு சரக்கு அனுப்புபவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். தபாலில் ஏற்பு அனுப்பினால், அது ஏற்பவரின் கையைவிட்டுப் போன கணத்தில் முன்மொழிந்தவர் கட்டுப்பட்டுவிடுகிறார். போனில் அப்படி இல்லை. 1959-ல் அகமதாபாத் வியாபாரி ஒருவர் காம்காவ்ன் ஆலையிடம் தொலைபேசியில் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்குக்கு விலை பேசினார். அவர் முன்மொழிந்தார், காம்காவ்னில் இருந்தவர் சரி என்றார். சரக்கு வரவில்லை. வழக்கு அகமதாபாத்தில் போடலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. பகவான்தாஸ் கேடியா வழக்கு என்பார்கள். ‘சரி’ என்ற சொல் எங்கே காதில் விழுந்ததோ அங்கேதான் ஒப்பந்தம் பிறக்கிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நீதிபதி இதாயத்துல்லா மட்டும் மாறுபட்டார். ஆக, கொல்கத்தா வியாபாரி ஆர்டர் கேட்டு நீங்கள் சரி சொன்னால் ஒப்பந்தம் பிறந்த இடம் கொல்கத்தா. நீங்கள் ரேட் சொல்லி அவர் சரி சொன்னால் திருப்பூர்.

பில்லின் அடியில் “திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று அச்சிட்டிருக்கிறோமே என்பீர்கள். ஒப்பந்தம் முடிந்து, சரக்கும் ஏறியபின் போகிற தாள் பில். முடிந்துபோன ஒப்பந்தத்தில் ஒருவர் மட்டும் புது நிபந்தனை சேர்க்க முடியாது. எதிர்ப்பில்லாமல் பலகாலம் நடந்த வழக்கம் என்று வாதாடலாம்; ஆனால் அந்த வாதத்தை நம்பித் தொழில் செய்யாதீர்கள். அந்த வரி கொட்டேஷனில் இருக்க வேண்டும். வார்த்தையும் சரியாக இருக்க வேண்டும். சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ் குஜராத்தின் ஏபிசி லேமினார்ட்டிடம் 5,000 பாபின் ஜரிகை நூலுக்கு ஆர்டர் போட்டது. “கைரா நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது” என்று ஒப்பந்தத்திலேயே இருந்தும், ‘மட்டும்’ என்ற சொல் இல்லாததால் சேலம் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-ல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் அந்தச் சொல் இல்லாவிட்டாலும் அப்படிப் பொருள்கொள்ளலாம் என்று வந்திருக்கிறது. இருந்தாலும் ‘மட்டும்’ என்று போடுங்கள். ஒரு சொல்லை அச்சிடக் கூடுதல் செலவில்லை.

பிரிண்டிங் யூனிட்காரரை 60 நாள் கிரெடிட்டில் விட்டுவிட்டு வந்தோம். அங்கே அவருக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை எப்படி ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்கிறது. எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அவர் 60 நாளுக்கே கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45-க்கு மேல் அது நிற்காது. வேலை முடித்துக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை வராவிட்டால், டெலிவரி ஆன நாளிலேயே ஏற்றதாகக் கொண்டு நாள் எண்ணப்படும். அதற்குப் பின் குறையே சொல்ல முடியாது என்று இதற்குப் பொருளில்லை. பணத்துக்கான கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்பதே பொருள். இந்தப் பாதுகாப்புக்கு உத்யம் பதிவு வேண்டும், அதுவும் ஆர்டர் எடுக்கும் முன்பே. ஒப்பந்தத்துக்குப் பின் பதிந்தவர்களுக்குப் பலனில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது 2025-ல் பெரிய அமர்வின் பார்வைக்குப் போயிருக்கிறது. அந்த விவாதத்துக்குள் உங்கள் பில்லைக் கொண்டுபோய் மாட்டாதீர்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆன்லைனில் முடிந்துவிடும்.

இன்னும் ஒன்று. பாதி ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரில் மெர்ச்சண்டைசர் போன் செய்து, “அண்ணா, பையர் நாலாவது கலர் கேட்கறாங்க, சேர்த்துருங்க, அப்புறம் பேசிக்கலாம்” என்பார். அந்த நாலாவது கலர் ஒரு புது முன்மொழிவு. விலை சொல்லப்படாத முன்மொழிவு. செய்துவிட்டால் நியாயமான கூலி கேட்கும் உரிமை இருக்கிறது, ஆனால் எது நியாயம் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். போனை வைத்ததும் எழுதுங்கள்: “சார், இப்ப போன்ல பேசினபடி நாலாவது கலர் சேர்க்கிறோம். பீஸுக்கு 1.25 கூடுதல். டெலிவரி இரண்டு நாள் தள்ளும். சரின்னு போடுங்க, ஸ்கிரீன் போடறோம்.” பதில் வரும்வரை ஸ்கிரீன் போடாதீர்கள். போன் மாற்றும்போது பழைய வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று சொல்ல அந்தக் கருவி உங்களிடம் இருப்பது நல்லது.

நடப்பிலிருக்கும் பி.ஓ.க்களை எடுத்துவரச் சொல்லியிருந்தோம். கொண்டுவந்தவர்கள் இப்போது வெளியே எடுத்து, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ரிஜெக்ஷன், டெபிட் என்ற சொற்கள் வரும் வரிகளில் பேனாவால் கோடு போடுங்கள். முதல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.